வாயாடியும் நானும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். "பொம்பளைங்க படிக்கிற பத்திரிகைக்குப் போய் இதையா எழுதப் போறே?" என்று என் அக்காவே கேட்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன நிறம், எத்தனை தடவை என்று வாசலில் நின்றே பேசிக்கொள்கிறோம். நம் விஷயம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அப்படி மூடிக்கொண்டதால் எட்டு மாதத்தைக் கோட்டை விட்டவள் நான்.

2017 கடைசியில் எனக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டேன், கருணைக்கிழங்கு மசியல் செய்தேன், காரத்தைக் குறைத்தேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. அடுத்த ஆடியில் தலை சுற்றி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கையுறை போட்டு ஒரே நிமிஷம் விரலால் பரிசோதித்தார். அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்ததில் மலக்குடலில் புற்றுநோய், ஆசனவாய்க்கு மிகவும் பக்கத்தில் என்று தெரிந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. பெரியவள் பிளஸ் டூ, சின்னவள் எட்டாவது.

25 நாள் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. பிறகு இரண்டு மாத இடைவெளி விட்டு டிசம்பரில் ஆபரேஷன். கட்டி இருந்த இடம் அப்படி என்பதால் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, கீழே தைத்து மூடிவிட்டார்கள். பெருங்குடலின் நுனியை வயிற்றுச் சுவரில் துவாரம் செய்து வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அதற்கு 'ஸ்டோமா' என்று பெயர். எனக்கு அது ஆயுசு முழுக்க. மலம் அந்த வழியாக வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் சேரும். நாம் நினைத்தால் அடக்கலாம் என்கிற பேச்சே அங்கே கிடையாது. அது வரும்போது வரும்.

ஸ்டோமா என்பது கிரேக்க வார்த்தை, 'வாய்' என்று அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்தில் அது 'குர்ர்' என்று சத்தம் போட ஆரம்பித்ததும் என் சின்னவள், "அம்மா, இது வாயாடி!" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உள்பக்கச் சதை மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்காது, வலியை உணரும் நரம்பு அதில் இல்லையாம். துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கறுத்துப் போனாலோ, ஒன்றுமே வெளிவராமல் வயிறு உப்பி வலித்து வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதற்கென்றே படித்த சிஸ்டர் ஒருத்தர் வந்தார். வந்தவர், "நீங்க வீட்ல கட்டற சேலையும் உள்பாவாடையும் கட்டிக்கிட்டு வாங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு வந்தேன். நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், தரையில் சம்மணம் போடச் சொன்னார். நாடா எங்கே அழுத்துகிறது, வயிற்று மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் இடது பக்கம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "டாக்டர் இங்கதான் வைப்பார். உங்க கண்ணுக்குத் தெரியணும், கைக்கு எட்டணும், நாடா மேல படக்கூடாது" என்றார். அந்த வட்டத்தின் அருமை பிற்பாடுதான் தெரிந்தது. மடிப்பில் வைத்துவிட்டால் பை ஒட்டவே ஒட்டாதாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த சிஸ்டர் இன்னொரு காரியமும் செய்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்த நாட்கள் அவை. ஒரு சாயங்காலம் ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மாவை அழைத்து வந்தார். பள்ளிக்கூட டீச்சர். நீலக் காட்டன் புடவை, கையில் குடை, நேராகப் பள்ளியிலிருந்து வந்தவர். என் எதிரே நின்று, "எனக்கும் இருக்கு. எந்தப் பக்கம்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். மேலும் கீழும் பார்த்தேன். தெரியவில்லை. ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். அப்போதும் தெரியவில்லை. "ஒன்பது வருஷமா நாற்பது பிள்ளைங்க முன்னாடி நிக்கிறேன், அதுகளுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் பத்து நிமிஷம் இருந்திருப்பார். அன்று ராத்திரிதான் நான் முதல்முறையாக என் பையை நானே திறந்து சுத்தம் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது கூத்து. பையைச் சுற்றித் தோல் சிவந்து எரிந்தது. என் அம்மா பாசத்தோடு செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டார். ஒரு மணி நேரத்தில் பை கழன்று கையோடு வந்துவிட்டது! எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது என்று படித்தவர் சொல்லித் தரவேண்டுமா? ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லையே. தோல் சிவந்தது எண்ணெய் இல்லாததால் அல்லவாம். பசைத்தட்டில் நான் வெட்டின ஓட்டை பெரிதாக இருந்து, இடுக்கு வழியாக மலம் தோலில் பட்டதால். முதல் ஆறு, எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு தடவையும் அளவு அட்டையை வைத்துப் பார்த்து, அதைவிட இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்ட வேண்டும். சோப்பு, பவுடர், டெட்டால் ஒன்றும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். ஒட்டின பிறகு உள்ளங்கையால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் கைச்சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தீபாவளி எண்ணெய்க் குளியலை நான் விடுவதில்லை. தலைக்கு வைத்துக் குளித்து, வயிற்றைப் பிசுக்குப் போகச் சீயக்காய் தேய்த்துக் கழுவி, புதுப் பை மாற்றிக்கொள்வேன். அவ்வளவுதான்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். நிறைய விட்டால் கனத்தில் கீழே இழுக்கும், ஒட்டு விடும். நான் பசைத்தட்டை நாலைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். எல்லாம் சேர்ந்து மாதம் மூவாயிரம் ரூபாய் போல ஆகிறது. இது ஒரு பாரம்தான், மறைப்பானேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு ஆறு மாதத்தில் தேறிவிட்டது. மனசுதான் தேறவில்லை.

நான் பத்து வருஷமாகக் கை முறுக்கும் அதிரசமும் ஆர்டருக்குச் செய்து கொடுத்து வந்தவள். திருச்சியில் எங்கள் பேட்டை முழுக்க என் முறுக்குக்குப் பழக்கம். ஐந்து சுற்று, ஏழு சுற்று, கல்யாணச் சீருக்குப் பதினோரு சுற்றுகூடச் சுற்றுவேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தொழிலைத் தொடவே இல்லை. கேட்டவர்களிடம், "கீழே உட்கார முடியலை" என்றேன். அதில் பாதி நிஜம். தையல் போட்ட இடம் ஆற நாலைந்து மாதம் ஆனது. மீதிப் பாதி என்ன என்று எனக்குத்தான் தெரியும். வயிற்றில் மலப்பையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள் கையால் யார் வாங்கிச் சாப்பிடுவார்கள்?

பூஜை அறைக்கும் அப்படித்தான் போகாமல் இருந்தேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானாகவே வாசற்படியில் நின்று கும்பிடுவேன். என் மாமியார் அதிகம் பேசாதவர். ஒரு வெள்ளிக்கிழமை, பெண் விளக்கேற்றுவதையும் நான் வெளியே நிற்பதையும் பார்த்துவிட்டு, "உங்க மாமா கடைசி ஆறு மாசம் படுக்கையிலேயே கிடந்தாரு. எல்லாம் அங்கேயேதான். அந்த ரூம்புலதான் முருகன் படம் மாட்டியிருந்துச்சு. முருகன் மூக்கைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சா போயிட்டாரு? போய் விளக்கேத்து" என்றார். அத்தைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஸ்டோமா என்கிற வார்த்தையைச் சொல்ல வராது, 'தோமா' என்பார்.

2019 கார்த்திகையில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை கடைசியில் முகூர்த்தம். நாத்தனார் போன் செய்து, "அண்ணி, சீர்ப் பலகாரம் நீங்கதான்" என்றார். பழக்கத்தில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் பழக்கத்தில் சரி என்றுவிட்டேன். போனை வைத்தபிறகு இரண்டு பேருக்குமே யோசனை வந்திருக்க வேண்டும். இரண்டு நாள் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் நேரில் வந்தார். அடுப்படியில் வந்து நின்றுகொண்டு, "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க."

"அது... கையில படுமா?"

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளே அழைத்துப் போய்ப் புதுப் பை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அடியில் மடித்து மூடுகிற வாய், காற்று மட்டும் வெளியே போகக் கரி வடிகட்டி, பசைத்தட்டு என்று எல்லாம் காட்டினேன். காலையில் காலி செய்து, சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் வருகிறேன் என்று சொன்னேன். பிறகு, "நீங்க காலையில எழுந்ததும் என்ன செய்றீங்க? அதையேதான் நானும் செய்றேன், இடம்தான் வேற" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சகோதரிகளே, நாம் எல்லாரும் குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையால்தான் சோறு பிசைந்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. அந்தக் கையைக் கழுவினால் சுத்தம் என்று நாம் நம்பவில்லையா? அதே சோப்பு, அதே தண்ணீர் என் கைக்கு மட்டும் போதாதா?

நாத்தனாருக்கு அந்த சிஸ்டர் எனக்குச் சொன்ன ஒரு கதையையும் சொன்னேன். டென்மார்க் நாட்டில் எலிசே சோரன்சென் என்று ஒரு நர்ஸ். அவர் தங்கை தோராவுக்கு முப்பத்திரண்டு வயதில் இதே மாதிரி ஆபரேஷன். அந்தக் காலத்தில் துணிக் கட்டும், ரப்பர் பையும், உலோகக் கிண்ணமும்தான், கசியும், நாறும். கசிந்துவிடுமோ என்கிற பயத்தில் தோரா வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். தங்கை படும் பாட்டைப் பார்த்துத்தான் எலிசே, உடம்பில் ஒட்டிக்கொண்டு உபயோகித்ததும் எறிந்துவிடுகிற பையை 1954-ல் யோசித்தார். அதைச் செய்து தரும்படி ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்காரரிடம் கேட்டபோது அவர் தயங்க, அவர் மனைவி — அவரும் நர்ஸ் — சொல்லித்தான் சம்மதித்தாராம். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஏழு சுத்துல அம்பத்தொண்ணு, அதிரசம் நூத்தியொண்ணு" என்று கணக்குச் சொன்னார்.

மாவு டின்னை நான் தூக்குவதில்லை. ஸ்டோமா வைத்தவர்கள் கனமானதைத் தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கி இறக்கம் வரும். வீட்டுக்காரர்தான் டின்னையும் எண்ணெய்ச் சட்டியையும் இறக்கி வைத்தார். கெட்டியான இலவம்பஞ்சுத் தலையணையில் உட்கார்ந்து சுற்றினேன். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் மெத்தை வேண்டாம், தையலை இழுக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முதல் முறுக்கு கோணலாக வந்தது. இருபதாவதுக்குள் பழைய கை வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் போவது அடுத்த கவலை. எனக்கு இதில் பெரிய துணை 'இரிகேஷன்'. எனிமா மாதிரிதான், ஆனால் ஸ்டோமா வழியாக. வெதுவெதுப்பான குடிதண்ணீர் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, கூம்பு மாதிரி ஒரு முனை வழியாக மெதுவாக உள்ளே விட வேண்டும். அரைமணி, முக்கால் மணியில் குடல் மொத்தமும் காலியாகும். தினமும் ஒரே நேரத்தில் செய்து பழக்கினால் மறுநாள் வரை அநேகமாக ஒன்றும் வராது. எல்லாருக்கும் இது சரிப்படாது. இடது பக்கப் பெருங்குடலில் நிரந்தரமாக வைத்தவர்களுக்கு மட்டும்தான். அதுவும் டாக்டர் சம்மதித்து, சிஸ்டர் பக்கத்தில் நின்று கற்றுத் தந்த பிறகுதான். சிறுகுடலில் வைத்தவர்கள் செய்யவே கூடாது. நான் விடிகாலை நாலரைக்கு எழுந்து, வீடு எழுவதற்குள் முடித்துவிடுவேன். குழாயோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்த முக்கால் மணியில்தான் இந்தக் கட்டுரையின் பாதியை மனசுக்குள் எழுதினேன்.

புடவை விஷயம். உள்பாவாடை நாடாவை இப்போது தொப்புளுக்கு மேலே கட்டுகிறேன். மெல்லிய நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலத்துக்குத் துணிப்பட்டை தைத்துக்கொண்டேன். பாவாடையின் திறப்பை இடது பக்கம் வரும்படி கட்டி, அந்தத் திறப்பை அரை அடிக்கு நீட்டி இரண்டு பிரஸ் பட்டன் வைத்துவிட்டேன். பாத்ரூமில் புடவையை அவிழ்க்காமலே பையை வெளியே எடுத்துவிடலாம். பை தோலில் பட்டு வியர்க்காமல் இருக்கப் பழைய வாயில் புடவையில் உறை தைத்திருக்கிறேன், அரை டஜன். பட்டுப்புடவையில் கொசுவம் முன்னால் வருவதால் ஒன்றும் தெரியாது.

முதல் நாள் சாயங்காலப் பெண்ணழைப்பில் புத்தியில்லாமல் மொச்சைக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். மொச்சை, முட்டைகோஸ், முள்ளங்கி, சோடா இதெல்லாம் வாயாடிக்கு மைக் கொடுத்த மாதிரி. நலங்கு வைத்து எல்லாரும் போட்டோவுக்கு மூச்சைப் பிடித்து நிற்கிறோம். 'குர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற நாலு வயசு வாண்டு, "அத்தை வயித்துல தவளை கத்துது!" என்றான். கூட்டம் சிரித்தது. முகம் சுட்டது எனக்கு. ஆனாலும், "ஆமாண்டா, அதுக்குப் பசிக்குதாம்" என்றேன். அதோடு போயிற்று. சத்தம் வரும்போல இருந்தால் முழங்கையை மடித்து அந்த இடத்தில் லேசாக அழுத்திக்கொண்டால் அடங்கும். கைகட்டி நிற்பது போலத்தான் இருக்கும். இதை அந்த டீச்சரம்மா பிறகு போனில் சொல்லித் தந்தார்.

எந்த மண்டபத்துக்குப் போனாலும் நுழைந்ததும் என் முதல் வேலை, பாத்ரூம் எங்கே, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. கைப்பைக்குள் ஒரு சின்னப் பை: ஓட்டை வெட்டித் தயாராக வைத்த பசைத்தட்டு, ஒரு பை, மெல்லிய துணி, தண்ணீர் பாட்டில், செய்தித்தாள், மூடிக் கட்ட ஒரு கவர், மாற்றுப் பாவாடை. உபயோகித்த பையைக் கழிப்பறைக் குழிக்குள் போடக்கூடாது; காலி செய்து, பொட்டலம் கட்டிக் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். இன்னொன்று, போகிற இடத்தில் ஒரே ஒரு ஆளிடமாவது விஷயத்தைச் சொல்லி வைப்பேன். 'கொஞ்சம் வாசல்ல நில்லு' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் பாதி பயம் போய்விடுகிறது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்று எழுதினால் நான் பொய் எழுதியவளாவேன். 2022 மே மாதம், கத்திரி வெயில். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வேர்வையில் ஒட்டு விட்டுவிட்டது. முதலில் வாசனை, பிறகு புடவையில் ஈரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். மூக்கை மூடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். துவாக்குடியில் இறங்கிவிட்டேன். கைப்பையில் எல்லாம் இருந்தது, ஆனால் போய் மாற்ற ஒரு இடம் இல்லை. ஆட்டோ பிடித்து வீடு வருகிற வரை அழுதேன். மூன்று வாரம் வெளியே போகவில்லை. அதன் பிறகு வெயில் காலத்தில் நாலாம் நாள்வரை காத்திருக்காமல் மூன்றாம் நாளே மாற்றிவிடுகிறேன். ஸ்டாக்கை அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்து உள் அறை பீரோவுக்கு மாற்றினேன். சூட்டில் இருந்தால் பசை கெட்டுவிடுமாம்.

தொழிலும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஆர்டர் எடுக்கலாம் என்று நினைத்தபோது 2020 ஊரடங்கு வந்துவிட்டது. மறு வருஷம் தீபாவளிக்குத்தான் மறுபடி ஆரம்பித்தேன். யாரிடமும் ஒளிப்பதில்லை, தம்பட்டம் அடிப்பதும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டால் சொல்வேன். ஆறு வருஷமாக ஐந்து கிலோ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, விஷயம் தெரிந்ததும், "இந்த வருஷம் கடையில வாங்கிக்கலாம்னு பார்க்கறோம்" என்றார். அதற்கப்புறம் எந்த வருஷமும் வாங்கவில்லை. இந்த நோய் தொற்றாது என்று சொல்லிப் பார்த்தேன். தெரியும் தெரியும் என்றார். காய்கறி வண்டியில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறார். எனக்குத்தான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. போனவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் இருக்கிறார்கள். புதிதாகவும் வந்திருக்கிறார்கள்.

போன வருஷம் அதிரசம் வாங்க வந்த ஒரு பெரியம்மா, பணத்தைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "உனக்கு வயித்துல பை இருக்காமே, நெசமா?" என்றார். ஆமாம் என்றேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மருமகளுக்கு இருபத்தைந்து வயது. குடலில் காசநோய் வந்து ஓட்டையாகி அவசர ஆபரேஷன். சிறுகுடலில் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள், சில மாதம் கழித்து மூடிவிடுவார்களாம். பத்து மாதக் குழந்தை. பெண் அறையை விட்டு வெளியே வருவதே இல்லையாம்.

நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு அந்த டீச்சரம்மா செய்ததையே செய்தேன். "எந்தப் பக்கம், சொல்லு பார்ப்போம்?" அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டீச்சர் கெட்டிக்காரர், எனக்கு அந்த வித்தை வரவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குழந்தை தவழ்ந்து வந்து என் மடியில் ஏறியது. காலை உதைத்தது. சரியாக வாயாடி மேலேயே உதை. நான் அப்படியே பிடித்துக் கொஞ்சினேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு வலிக்கலையா?"

"இல்லம்மா."

"பக்கத்துல போட்டுத் தூங்கலாமா? ராத்திரி உதைக்கிறான். பிரிஞ்சிடுமோன்னு அத்தைகிட்டயே விட்டுட்டேன்."

இதுதானா! நாங்கள் எல்லாரும் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தோம். தூங்கலாம் என்றேன். படுக்குமுன் பையைக் காலி செய்துவிட்டு, அவனை இடது பக்கம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சிறுகுடலில் வைத்தது வலது பக்கம் அல்லவா. தூக்கினால் இடது இடுப்பு. ஆனால் தூக்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள், அதுவரை உட்கார்ந்தபடியே மடியில் வாங்கிக்கொள் என்றேன். சிறுகுடல் என்றால் தண்ணீராகவே போகும். உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். அதனால் தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சியும் கூடவே இருக்க வேண்டும்; நாக்கு வறண்டு, தலை சுற்றி, சிறுநீர் குறைந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்றும் சொன்னேன். தேங்காய்ச் சில்லு, கடலை, சோளம் இதெல்லாம் மென்று தின்னாவிட்டால் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது, "உங்க பாவாடையைக் காட்டுங்க" என்றாள். பிரஸ் பட்டனைக் காட்டினேன்.

அதற்கப்புறம் நாலைந்து தடவை போய்வந்தேன். மாசி மாதம் ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தேன். இடது இடுப்பில் பையன், தோளில் கைப்பை, கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், தெரிந்தவர்கள் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள். நானும் தலையை அசைத்துவிட்டு, யாரோ போல, கீரை வாங்கப் போய்விட்டேன்.